கிட்டாருக்கு மரம் பழக்குவது: வாடியிலிருந்து பிரேஸ் ஒட்டும் நாள் வரை

கோவையில் எந்த மர வாடிக்குப் போய் "நல்லா காஞ்ச மரம் வேணுங்க" என்று கேட்டாலும், பலகையை ஒரு தட்டுத் தட்டி, "ரெண்டு வருசம் ஆச்சுங்க, கல்லு மாதிரி இருக்குது" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நிலைக்கும் சன்னலுக்கும் கட்டிலுக்கும் அந்த அளவு காய்ந்திருந்தால் போதும். நாலு அங்குல நிலைச்சட்டம் வெயில் காலத்தில் ஒரு மில்லிமீட்டர் சுருங்கினால் யார் கண்ணுக்கும் படாது. கிட்டாரின் முன்பலகை அப்படியில்லை. அதன் கனம் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு, அகலம் 400 மில்லிமீட்டர் வரை. சுற்றிலும் பசை போட்டு இறுக்கி, உட்புறம் குறுக்கே பிரேஸ் என்னும் தாங்குகட்டைகளை ஒட்டி, மேலே சுமார் 70 கிலோ இழுக்கும் ஸ்டீல் கம்பிகளை மாட்டுகிறோம். அதற்குப் பிறகு அந்தப் பலகை சுருங்கினால் ஒதுங்க இடமே இல்லை. பிளந்துவிடும்.

நான் இருபது வருடத்துக்கு மேல் நூல் மில்லில் ஹியூமிடிபிகேஷன் பிளாண்ட் பார்த்தவன். காற்றில் ஈரம் குறைந்தால் நூல் அறும் என்று தெரிந்து, ஷெட்டின் ஈரப்பதத்தை 55, 60 என்று பிடித்து வைப்பதே என் வேலை. அப்படிப்பட்ட நானே முதல் கிட்டாரின் முன்பலகைக்கு ஐப்பசி மழையில் பிரேஸ் ஒட்டினேன். சன்னல் திறந்திருந்தது, சுவரெல்லாம் ஓதம் பூத்திருந்தது, ஆனால் பலகை தொடுவதற்குக் காய்ந்துதான் இருந்தது. கிட்டார் நன்றாகவே வந்தது. பங்குனியில் ஒரு மதியம், இரண்டு மணி இருக்கும், பக்கத்து அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது 'டப்' என்று கேட்டது. போய்ப் பார்த்தால், சுவரில் மாட்டியிருந்த கிட்டாரில், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கோடு. உள்ளே விளக்கை விட்டுப் பார்த்தேன், வெளிச்சம் அந்தக் கோடு வழியாக வெளியே வந்தது. யாரும் தொடவில்லை, கீழே விழவில்லை. ஐப்பசிக் காற்றுக்குப் பழகிய பலகை பங்குனிக் காற்றில் சுருங்கியிருக்கிறது.

எவ்வளவு சுருங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்பலகைக்கு எடுக்கும் சிட்கா ஸ்ப்ரூஸ் மரம் பச்சையிலிருந்து முழுக்கக் காய்வதற்குள், ஆர வாக்கில், அதாவது நடுக்குருத்திலிருந்து பட்டையை நோக்கி, அறுத்த பலகையின் அகலத்தில் 4.3 சதவீதம் சுருங்கும். மரத்தின் ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் இந்தச் சுருக்கம் தொடங்குகிறது. ஆகவே ஈரம் ஒவ்வொரு சதவீதம் குறையும்போதும் சுமார் 0.14 சதவீதம் சுருக்கம். 13-லிருந்து 8-க்கு இறங்கினால் 0.7 சதவீதம். 400 மில்லிமீட்டர் அகலத்தில் அது கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர். நீளவாக்கில் மரம் சுருங்குவது மிகச் சொற்பம். முன்பலகைக்குக் குறுக்காக ஒட்டிய பிரேஸ் தன் நீளத்தில் அப்படியே நிற்கிறது, பலகை மட்டும் 3 மில்லிமீட்டர் ஒடுங்கப் பார்க்கிறது. வெடிப்பு வருவதற்கு வேறு காரணமே வேண்டாம்.

அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் நான் கேட்பது, மரம் எத்தனை வருடம் காய்ந்தது என்று இல்லை. இப்போது எந்தக் காற்றுக்குப் பழகியிருக்கிறது என்றுதான் கேட்பேன்.

முதலில் வாங்க வேண்டியது ஈரப்பத மீட்டர்

மரம் வாங்கும் முன் இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், காற்றின் ஈரத்தைக் காட்டும் டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் இரண்டு வாங்குங்கள். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈர மணல் பதத்துக்குக் கொண்டு வாருங்கள். உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் பைக்குள் வைத்து மூடி, ராத்திரி முழுக்க விடுங்கள். நனைந்த உப்பு மூடிய இடத்தின் காற்றைச் சரியாக 75 சதவீத ஈரப்பதத்தில் நிறுத்தும். காலையில் மீட்டர் 79 காட்டினால், அது எப்போதும் 4 கூட்டிக் காட்டுகிறது என்று அதன் முதுகில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

மில்லில் நாங்கள் நம்பியது ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டரையும் சும்மா இருக்கும் தெர்மாமீட்டரையும்தான். காய்ந்தது 30 டிகிரி, ஈரமானது 24 என்றால் ஈரப்பதம் சுமார் 60. 30-க்கு 22 என்றால் சுமார் 50. பேட்டரி தீர்ந்து பொய் சொல்லாத கருவி அது. கண்ணாடிக்குழாய் தெர்மாமீட்டர் இரண்டு கிடைத்தால் நீங்களே செய்துகொள்ளலாம்.

இனி, காற்றின் ஈரப்பதத்துக்கும் அதில் நெடுநாள் கிடக்கும் மரத்தின் ஈரத்துக்கும் உள்ள கணக்கு. நம்மூர் வெப்பத்தில், காற்றில் 30 என்றால் மரம் 6 சதவீதத்தில் போய் நிற்கும். 45 முதல் 50 என்றால் எட்டரை, ஒன்பது. 65 என்றால் 12. 80 என்றால் 16. 90-ஐத் தொட்டால் மரம் 20 சதவீதம் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். கிட்டார் வேலைக்கு நமக்கு வேண்டியது 45 முதல் 50 வரையான காற்று. பத்து வருடம் காய்ந்த மரத்தையும் மழைக்காலத்தில் மூன்று வாரம் திறந்த திண்ணையில் போட்டால், மெல்லிய பலகை என்றால் அந்த 16-க்கே ஏறிவிடும். பழைய மரமாயிற்றே என்று அது தண்ணீர் வாங்காமல் இருக்காது.

கொங்கு நாடு முழுக்க ஒரே காற்று என்றும் நினைக்காதீர்கள். வால்பாறையில் வைத்த பலகையும் தாராபுரத்தில் வைத்த பலகையும் ஒன்றாகாது. பொள்ளாச்சிப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு வரும். கரூரில் மாசி பங்குனி மதியத்தில் உதடு வெடிக்கும். என் வீடு சிங்காநல்லூரில். தை பிறந்து மாசி முடிய, காலை பத்து மணிக்கு மேல் என் மீட்டர் பெரும்பாலும் 40-க்கும் 50-க்கும் நடுவில்தான் நிற்கிறது. ஐப்பசி கார்த்திகையில் விடியற்காலை 85-ஐத் தாண்டுகிறது. உங்கள் ஊரில், உங்கள் அறையில், ஒரு வருடம் காலை மாலை எழுதி வையுங்கள். அந்த நோட்டு ஆயிரம் ரூபாய் மரத்தைவிட உங்களுக்கு உதவும்.

எந்த மரம்

முன்பலகைக்கு ஸ்ப்ரூஸ் அல்லது வெஸ்டர்ன் ரெட் சீடர். இரண்டும் நம் மலைகளில் வளர்வதில்லை, வட அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஜோடியாகப் பிளந்த பலகைகளாக வருகின்றன. அதை விலை கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டும். முதல் கிட்டாருக்கு நடுத்தர ரகம் போதும், மிக உயர்ந்த ரகத்தில் கை வைக்காதீர்கள்.

பின்பலகைக்கும் பக்கப்பலகைக்கும் நாம் அதிர்ஷ்டக்காரர்கள். உலகம் முழுக்கக் கிட்டார் செய்கிறவர்கள் தேடும் ஈட்டி நம் மேற்கு மலைகளின் மரம். தோதகத்தி என்பதும் அதுதான். ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.8 கிராமுக்கு மேல் எடை, தட்டினால் கண்ணாடிக் கிண்ணம் போல நெடுநேரம் ஒலிக்கும். ஆனால் பட்டா நிலத்தில் நிற்கும் மரமானாலும், இன்றைய விதி என்ன என்று வனத்துறையிடம் கேட்காமல் வெட்டவோ ஏற்றிப் போகவோ கூடாது. வாடியில் வாங்கும்போது பில் கேளுங்கள், அதைப் பலகையோடு சேர்த்து வையுங்கள். சைட்டீஸ் என்னும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஈட்டியும் அதன் இனமும் 2017 ஜனவரியில் சேர்ந்தன. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்குக் கிடைத்தது, பலகைக்குக் கிடைக்கவில்லை. வெளிநாட்டு நண்பருக்கு இரண்டு பலகை அனுப்பலாம் என்று யோசிப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பழகுவதற்கு நான் சொல்வது சில்வர் ஓக். நீலகிரி, வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு வைத்த ஆஸ்திரேலிய மரம். மலையிலிருந்து இறங்கி வரும், விலை குறைவு. ஆர வாக்கில் அறுத்தால் பலகையெங்கும் மீன் செதில் போலப் பளபளக்கும். அந்தச் செதில் தெரிந்தால் அறுப்பு சரி, தெரியாவிட்டால் தவறு. புதியவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. பலாவும் நல்ல மரம், தஞ்சாவூர் வீணைக்கு நூற்றாண்டுகளாகப் பழகிய மரம். தேக்கும் ஆகும், ஆனால் உளியின் கூரைச் சீக்கிரம் மழுக்கிவிடும். ஆனைமலைத் தேக்கை மலை உச்சியிலிருந்து சறுக்கி விட்டதால்தான் டாப்சிலிப்புக்கு அந்தப் பெயர் வந்தது.

மரங்களை முகம் பார்த்து அடையாளம் காண விரும்பினால், ஆர்.எஸ்.புரத்தில் 1902-இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்தின் மரத் துண்டுகளை ஒரு முறையாவது பார்த்துவிடுங்கள். படத்தில் பார்ப்பதற்கும் குறுக்குவெட்டைக் கண்முன் பார்ப்பதற்கும் வெகு தூரம்.

பழைய வீட்டு மரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொங்குச் சீமையில் ஓட்டு வீடுகளை இடிக்கும்போது உத்திரமும் தூணும் கதவும் பழைய மரக்கடைக்கு வருகின்றன. அதில் ஈட்டியும் பழைய தேக்கும் இருக்கும். எழுபது எண்பது மழைக்காலத்தையும் கோடையையும் பார்த்து, இறுக்கமெல்லாம் தளர்ந்த மரம் அது. அறுத்த பிறகு முறுக்குவது குறைவு. எனக்கு வாய்த்த மிக நல்ல பின்பலகை ஒரு பழைய கதவின் அடிச்சட்டத்திலிருந்து வந்தது. வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். காந்தத்தை மேலே உருட்டி ஆணி இருக்கிறதா என்று பாருங்கள், ஒரே ஒரு ஒடிந்த ஆணி பேண்ட் சா பிளேடைத் தின்றுவிடும். சுவருக்குள் புதைந்திருந்த முனையை ஓர் அடி வெட்டி எறியுங்கள், சுண்ணாம்பும் ஓதமும் ஊறியிருக்கும். குண்டூசித் தலை அளவு ஓட்டைகளும், தட்டினால் மைதா போலக் கொட்டும் தூளும் இருந்தால் வீட்டுக்குள்ளேயே கொண்டு வராதீர்கள்.

அறுப்பு

மரம் அறுக்கும் மில்லில் கட்டையைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டால், அவர்கள் வழக்கப்படி ஒரு பக்கத்திலிருந்து வரிசையாக அறுத்துத் தள்ளிவிடுவார்கள். வீட்டு மரத்துக்கு அது சரி. நமக்கு ஆண்டு வளையங்களின் கோடு பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். பலகையின் தலையைப் பாருங்கள். கோடுகள் நேராக நின்றால் ஆர வெட்டு, வானவில் போல வளைந்து படுத்திருந்தால் தட்டை வெட்டு. ஈட்டி ஆர வாக்கில் 2.7 சதவீதம் சுருங்கினால், தட்டை வாக்கில் 5.8 சதவீதம் சுருங்கும். இரண்டு மடங்குக்கு மேல். தட்டை வெட்டில் பலகை கிண்ணம் போலக் குழிவதும் இதனால்தான். கட்டையை நடுக்குருத்து வழியாக நான்காகப் பிளக்கச் சொல்லி, ஒவ்வொரு கால் பகுதியையும் திருப்பித் திருப்பி வைத்து அறுக்கச் சொல்லுங்கள். சேதாரம் அதிகம், கூலியும் கூடும். பக்கத்தில் நின்று கேட்டால் செய்து தருவார்கள்.

பச்சைக் கட்டை என்றால் அறுத்த அன்றே இரு தலைக்கும் மெழுகோ பெயின்டோ தடித்துப் பூசுங்கள். தலைப்பக்கம்தான் மரத்தின் குழாய் வாய். பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக ஈரம் அங்கேதான் வெளியேறும். அடுத்த நாள் பூசலாம் என்று விட்டால், காலையில் தலையில் விண்மீன் போல வெடிப்பு ஓடியிருக்கும். தேய்பிறையில் வெட்டினால் பூச்சி விழாது என்பார்கள் பெரியவர்கள். வாங்கிய கட்டைக்கு எந்தப் பிறை என்று நமக்கு எப்படித் தெரியும்? தலைக்கு மெழுகு பூசுவது நம் கையில் இருக்கிறது.

நேராக 5 மில்லிமீட்டருக்கு அறுத்துவிடலாமா என்று கேட்பார்கள். பச்சை மரத்தில் வேண்டாம். ஒன்றே கால் அங்குலப் பலகையாக அறுத்து, அங்குலத்துக்கு ஒரு வருடம் என்ற பழைய கணக்கில் நிழலில் காய வையுங்கள். பிறகு மெல்லிசாக்குங்கள்.

அதிலும் நான் ஒரு பாடம் படித்தேன். ஒன்றரை வருடம் காய்ந்த சில்வர் ஓக் பலகையை எடுத்துக்கொண்டு எங்கள் தெரு ஆசாரியிடம் போனேன். "ஏனுங் மேஸ்திரி, இது காஞ்சிருச்சுங்களா, அறுத்துப் போடலாங்களா?" என்று கேட்டேன். அவர் பலகையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். இழைப்புளியை எடுத்து ஒரு ஓட்டு ஓட்டி, சுருளை விரலில் நசுக்கிப் பார்த்தார். "மேலுக்குக் காஞ்சிருக்குது கண்ணு. உள்ளுக்கு இன்னும் பச்சை. நீ அறுத்தீன்னா ரெண்டும் மூஞ்சியைத் திருப்பிக்கும் பாரு" என்றார். கேட்காமல் அறுத்தேன். சாயங்காலத்துக்குள் இரண்டு பலகையும் ஓடு போல வளைந்து, உள்முகங்கள் குழிந்து நின்றன. ஈரமாக இருந்த நடுப்பகுதி இப்போது வெளிமுகமாகி வேகமாகச் சுருங்கியிருக்கிறது. மெல்லிசாக அறுத்த பிறகும் ஒரு சில மாதம் திரும்ப அடுக்கி வைத்தே ஆக வேண்டும் என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. அறுக்கும் கனத்தையும் 5, 6 மில்லிமீட்டர் என்று தாராளமாக வையுங்கள். கடைசியில் முன்பலகை 2.8, பின்பலகை 2.5, பக்கப்பலகை 2 மில்லிமீட்டர் அளவுக்கு வரும். நடுவில் உள்ளதெல்லாம் கோணலைச் சீவி எடுக்க வேண்டிய இருப்பு.

அடுக்குவது

அறையைச் சொல்கிறேன். சிமெண்ட் சீட் கூரைக்குக் கீழே வேண்டாம், மதியம் அடுப்பாகிவிடும். சமையலறை ஒட்டிய பரண் வேண்டாம், நீராவி ஏறும். மேற்குச் சுவரை ஒட்டி வேண்டாம். வீட்டின் நடு அறை, கிழக்கோ வடக்கோ சன்னல், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் ஒரு மேடை, இவை போதும். சுவருக்கும் அடுக்குக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். கறையான் ஏறினால் அந்த இடைவெளியில்தான் கண்ணில் படும்.

மேடையின் மேல் முதலில் சமமான ஒரு பிளைவுட். அது வளைந்திருந்தால் மேலே உள்ள அத்தனை பலகையும் அந்த வளைவைக் கற்றுக்கொள்ளும். பலகைகளுக்கு நடுவில் வைக்க ரீப்பர் துண்டுகள் வேண்டும். எல்லாம் ஒரே கனம், 10 மில்லிமீட்டர். காய்ந்த மரத்தில் அறுத்தவையாக இருக்கட்டும். பச்சை ரீப்பர் பலகையில் கறைக் கோடு போட்டுவிடும். ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்று, இரண்டு முனையிலும் விளிம்பை ஒட்டி ஒன்று. மேல் அடுக்கின் ரீப்பர் கீழ் அடுக்கின் ரீப்பருக்கு நேர் மேலே வர வேண்டும். இதைச் சோம்பல்பட்டு விலகி வைத்தால், பாரம் நடுவில் விழுந்து பலகை அலை அலையாகப் போகும். கடைசியில் இன்னொரு பிளைவுட், அதன் மேல் பாரம். நான் பழைய தையல் மெஷின் சக்கரங்களையும் இரண்டு அம்மிக்கல்லையும் வைத்திருக்கிறேன்.

சுவரில் சாய்த்து நிறுத்தி வைப்பது, பாலிதீன் சுற்றியபடியே விட்டுவிடுவது, இரண்டும் கூடாது. பார்சலில் வரும் ஸ்ப்ரூஸ் பிளாஸ்டிக்குக்குள் வேர்த்து, நீலப் பூஞ்சை பாய்ந்துவிடும். வந்த அன்றே பிரியுங்கள். மழைக்காலத்தில் வந்தாலும் பிரித்து, அடுக்கி, கீழே சொல்லும் பீரோவுக்குள் வையுங்கள். ஆடி மாதம் காற்று அடிக்கும்போது மேற்குச் சன்னலைச் சாத்துங்கள். மேல்தோலை மட்டும் வேகமாக உலர்த்தி, தலையில் வெடிப்பைக் கிளப்பும் காற்று அது. வெயிலும் நேராக விழக்கூடாது, ஈட்டியின் ஊதா நிறத்தை அது தின்றுவிடும்.

அந்த பீரோ என்பது கதவில் ரப்பர் பட்டி ஒட்டிய ஒரு பழைய இரும்பு பீரோதான். உள்ளே ஒரு மீட்டர், ஒரு சின்ன ஃபேன், இரண்டு கிலோ சிலிக்கா ஜெல். நீலம் வெளுத்து ரோஸ் நிறம் வந்தால் வாணலியில் போட்டு, சிறு தீயில் திரும்ப நீலம் வரும்வரை வறுத்து எடுக்கலாம். அந்த வாணலியைப் பிறகு சமையலுக்கு எடுக்காதீர்கள், நிறத்துக்குச் சேர்க்கும் கோபால்ட் உடம்புக்கு ஆகாது. கார்த்திகையில் வாரம் ஒரு முறை வறுக்கிறேன். வசதி உள்ளவர்கள் அறைக்கே ஏ.சி. போட்டு டிரை மோடில் ஓட்டலாம். பங்குனியில் தலைகீழ் வேலை. பீரோவுக்குள் ஈரத்துணி போட்ட ஒரு கிண்ணம் வைக்க வேண்டியிருக்கும். பவானியில் ஜமக்காளம் நெய்கிறவர்கள் தறியைக் குழிக்குள் இறக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாவு நூல் அறாமல் இருக்க மண்ணின் ஈரத்தை அவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். நாம் செய்வதும் அந்த வேலைதான்.

எடை நோட்டு

மரம் பழகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஊசி குத்தும் ஈர மீட்டரை மெல்லிய பலகையில் நான் அதிகம் நம்புவதில்லை, மரத்துக்கு மரம் கணக்கு மாறும். சமையலறை டிஜிட்டல் தராசு போதும். ஒவ்வொரு பலகைக்கும் ஓர் எண், வாங்கிய தேதி, அளவு, எடை. கிட்டாரில் வெட்டிப் போகும் மூலையில் பென்சிலால் எழுதுங்கள். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், எடை பாருங்கள்.

என் நோட்டிலிருந்து ஒரு பக்கம். ஈட்டி, பின்பலகையின் ஒரு பாதி, 550க்கு 205, கனம் 5 மில்லிமீட்டர். ஐப்பசி கடைசியில் வந்தபோது 486 கிராம். பீரோவுக்குள் போனதும் மூன்றே வாரத்தில் 474. மார்கழி முடிவில் 466. பொங்கல் கழித்து 463. அடுத்த மூன்று வாரமும் 462, 462, 462. ஒரே பலகையிலிருந்து 24 கிராம் தண்ணீர் போயிருக்கிறது, கிட்டத்தட்ட இரண்டு மேசைக்கரண்டி. 486 என்ற நாளில் தொட்டுப் பார்த்திருந்தால் காய்ந்த மரம் என்றுதான் நீங்களும் சொல்லியிருப்பீர்கள். மூன்று வாரம் எடை அசையாமல் நின்றால், பலகை அந்தக் காற்றுக்குப் பழகிவிட்டது என்று அர்த்தம்.

துல்லியமாக ஈரம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், வெட்டி எறியும் துண்டு ஒன்றை எடை போட்டு, 103 டிகிரிச் சூட்டில் ஓவனுக்குள் எடை குறைவது நிற்கும்வரை வைத்து, திரும்ப எடை போடுங்கள். குறைந்த எடையைக் காய்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 54 கிராம் துண்டு 50 ஆனால் ஈரம் 8 சதவீதம். வேறெந்த மீட்டரையும் இதை வைத்துச் சரிபார்க்கலாம்.

எடை தெரிந்தால் அடர்த்தியும் தெரியும். 550க்கு 200, கனம் 4 என்றால் 440 கன சென்டிமீட்டர். அந்த ஸ்ப்ரூஸ் பலகை 176 கிராம் இருந்தால் அடர்த்தி 0.40. லேசான பலகை, தட்டியும் நன்றாக ஒலித்தால் எடுத்து வையுங்கள். தட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. பலகையின் நீளத்தில் மேல் முனையிலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கீழே, ஓர் ஓரமாக, இரண்டு விரலால் தளர்த்திப் பிடித்து, நடுவில் விரல் மூட்டால் தட்டுங்கள். பிடித்த இடம் சரியாக இருந்தால் 'ணங்' என்று நீண்டு ஒலிக்கும். விரலை ஓர் அங்குலம் நகர்த்திப் பாருங்கள், அதே பலகை 'தட்' என்று செத்துப் போகும். பலகையைக் குறை சொல்லும் முன் பிடியை மாற்றிப் பார்க்க வேண்டும். ஈரமான பலகை மந்தமாகத்தான் ஒலிக்கும். ஐப்பசியில் ஒதுக்கிய ஒரு பலகையை மாசியில் தட்டிப் பார்த்து, நானே அசந்து போனேன்.

பூச்சி, தூசி

மரத்தின் வைரத்தை, அதாவது இறுகிய உள்மரத்தை, பூச்சி பெரும்பாலும் தொடாது. அது தேடுவது பட்டையை ஒட்டிய, மாவுச்சத்துள்ள வெளிறு. கிட்டாருக்கு வெளிறு வேண்டாம் என்றால் பலகை கட்டத்திலேயே வெட்டி விடுங்கள். சில்வர் ஓக், பலா போன்றவற்றுக்கு, தடித்த பலகையாக இருக்கும்போதே வெண்காரமும் போரிக் பவுடரும் கலந்த நீரைத் தடவலாம். மெல்லிசாக்கிய பிறகு தண்ணீர் காட்டாதீர்கள். ஈட்டியைத் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூள் தோலில் அரிப்பும் மூச்சில் திணறலும் கொண்டு வரும். ஒரு முறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு விடாது.

பிரேஸ் கட்டைக்கு

பிரேஸுக்கு ஸ்ப்ரூஸை அறுக்கக் கூடாது, பிளக்க வேண்டும். தடித்த உளியைத் தலையில் வைத்து ஒரு தட்டு. நார் எந்த வழியில் போகிறதோ அந்த வழியில் பிளவு ஓடும். பிளந்த முகத்தை வைத்து மற்ற முகங்களை இழைத்தால், முனை முதல் முனை வரை நார் அறுபடாமல் போகும். மெல்லிய கட்டைக்கு அதுவே பலம். முன்பலகையில் நார் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க, பேனா மசியை ஒரு சொட்டு விடுங்கள். மசி ஊறி ஓடும் திசைதான் நாரின் திசை.

ஒட்டும் நாள்

நான் முன்பலகைக்கும் பின்பலகைக்கும் பிரேஸ் ஒட்டுவது தையும் மாசியும்தான். மற்ற மாதங்களில் கழுத்து செதுக்குகிறேன், பிரிட்ஜ் அறுக்கிறேன், ரம்பம் தீட்டுகிறேன். பீரோவும் ஏ.சி.யும் இருந்தால் எந்த மாதமும் ஒட்டலாம், ஆனால் பசை காயும் ஒரு நாள் முழுக்க அறை 45, 50-இல் நிற்க வேண்டும். கொஞ்சம் காய்ந்த பக்கமே தவறினாலும் பரவாயில்லை. காய்ந்த காற்றில் கட்டிய கிட்டார் மழையில் கொஞ்சம் உப்பும், பிறகு இறங்கும். ஈரக் காற்றில் கட்டியது கோடையில் பிளக்கும்.

இரு பாதிகளைச் சேர்க்கும் விளிம்பை ஒட்டுவதற்குச் சற்று முன்னால்தான் இழைக்க வேண்டும். முந்தின நாள் இழைத்து வைத்த விளிம்பு மறுநாள் நேராக இருக்காது. இரண்டையும் சேர்த்துச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். தலைமுடி அளவு வெளிச்சம் தெரிந்தாலும் திரும்ப இழையுங்கள். கிளாம்ப் போட்டு இறுக்கினால் சேர்ந்துவிடும் என்று எண்ணாதீர்கள், சில வருடத்தில் அந்த இடம்தான் விடும். ஈட்டியில் எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டும் முகத்தை அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து, அது உலர்ந்ததும் தாமதிக்காமல் பசை போடுங்கள். சேர்த்த பலகையைக் கனம் குறைத்த பிறகு ஒரு வாரம் திரும்ப அடுக்கில் பாரத்தின் கீழே வைத்து, அடுத்த வாரம் எடை பாருங்கள். அசையவில்லை என்றால் பிரேஸுக்குப் போகலாம்.

கடைசியாக ஒரு சின்னக் கருவி. ஸ்ப்ரூஸ் கழிவிலிருந்து, நாருக்குக் குறுக்காக 200 மில்லிமீட்டர் நீளத்துக்கும் இரண்டு விரல் அகலத்துக்கும் ஒரு துண்டு வெட்டுங்கள். நாரோடு அதே அளவில் இன்னொரு துண்டு. இரண்டும் ஒரு மில்லிமீட்டர் கனம். ஈரப்பதம் 45-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கும் ஒரு நாளில் இரண்டையும் முகத்தோடு முகம் ஒட்டி, ஒரு முனையைச் சுவரில் ஆணியடித்து நிறுத்துங்கள். மழையில் குறுக்கு நார் விரிந்து பட்டை ஒரு பக்கம் வளையும். கோடையில் சுருங்கி மறுபக்கம் வளையும். என் பட்டறைச் சுவரில் அது ஏழு வருடமாக நிற்கிறது. ஐப்பசியில் கதவைப் பார்த்து வளைகிறது, பங்குனியில் சன்னலைப் பார்த்து. தை மாதம் காலையில் பட்டறையைத் திறந்ததும் மீட்டருக்கு முன்னால் அதைத்தான் பார்க்கிறேன். நேராக நின்றால் பசையை எடுக்கிறேன்.